இருநூறு சொற்களுக்கு மிகாமல்

வாரியத்துக்குப் போகும் படிவத்தில் ஏழாவது கட்டம்:
பள்ளியின் வரலாறு, இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
முதல்வர் கையெழுத்து மட்டும் போடுவார்.
எழுதுகிறவள் நான்.
சூர் நகரத்தில், கடல் பார்க்காத பக்கம்,
இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி,
சக்கரம் மட்டும் இரண்டு முறை மாற்றியது.

1976இல் பதினோரு குழந்தைகளுடன் தொடங்கப்பட்டது
என்று தட்டினேன்.
மீன் வியாபாரி ஒருவரின் வீட்டில் என்று
எழுதலாமா, தெரியவில்லை.
ஐந்தாம் வகுப்பு சமையலறையில் நடந்ததாம்.
கரும்பலகைக்குக் கீழே கழுவுதொட்டி,
வகுத்தல் கணக்குக்கு நடுவே குழாய் சொட்டுமாம்.
வாடகை வேண்டாம்,
என் மகனுக்கும் ஒரு பெஞ்சு என்றாராம் வீட்டுக்காரர்.
அந்த ஹமத் ஒரே வருடத்தில்
மலையாளத்தில் சண்டை போட்டதுதான்
பள்ளியின் முதல் சாதனை.
அதற்குக் கட்டம் இல்லை.

எட்டாவது, கட்டமைப்பு வசதிகள்.
வகுப்பறை முப்பத்து நான்கு.
விளையாட்டுத் திடல் உண்டு
(புல் உண்டா என்று கேட்கவில்லை, நல்லவேளை).
தமிழ் வகுப்புக்கு ஒன்பது பேர்,
வேதியியல் ஆய்வகத்தின் ஓர மேசையில்
கந்தக நாற்றத்தோடு
புணர்ச்சி விதி படிக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு ஜன்னலில் ஒருவர்.
கழுத்தில் உரக் கம்பெனி அட்டை.
பெயர் மிக்கேல் மச்சாது, பூர்வீகம் மணப்பாடு.
"பாஸ்போர்ட்டில் எனக்கு ரெண்டு வயசு கூட, மேடம்.
கம்பெனிக் கணக்கில் மார்ச்சோடு அறுபது.
நிஜ வயசு உங்க பதிவேட்டில்தான் இருக்கு."

சமையலறையில் படித்தவர்.
குழாய் சொட்டியதா என்று கேட்டேன்.
"சொட்டவெல்லாம் இல்ல.
நாங்கதான் திறந்துவிடுவோம்."

முதல் பதிவேடு கோனு புயலில் ஊறியது.
இடுப்பளவுத் தண்ணீர் வடிந்த பின்
மொட்டைமாடியில் காயவைத்தோம்,
பாதிப் பக்கங்கள் அப்பளம், மீதி ஒட்டிக்கொண்டவை.
தேநீர்க் கெட்டிலின் ஆவியில் காட்டி
நகத்தால் பிரித்தேன்.
அவர் வரிசையில் நீல மேகம், வேறொன்றுமில்லை.
ஆனால் எதிர்ப் பக்கத்தில்,
யாரோ ஒரு ரஸ்வானாவின் பெயர்மேல்
இடவலம் மாறிப் பதிந்து கிடந்தார் மச்சாது.
கைப்பையிலிருந்த பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பிடித்தேன்.
பிறந்த தேதி: பதினான்கு, ஜூன், அறுபத்தேழு.
நீங்கிய ஆண்டு: எண்பது.
நீங்கும் காரணம்: ஒன்பதாம் வகுப்பு இங்கு இல்லை.

பக்கத்தைப் புரட்டினேன்.
தந்தையின் ஒப்பந்தம் முடிந்தது.
ஒன்பதாம் வகுப்பு இங்கு இல்லை.
ஒன்பதாம் வகுப்பு இங்கு இல்லை.
அதே பேனா, அதே சாய்வெழுத்து.
உயர்நிலைப் பள்ளிக்கு அனுமதி வந்தது எண்பத்து மூன்றில்.
அதற்குள் அந்தப் பதினோரு பேரில்
ஒருவரும் மிச்சமில்லை.

"அப்புறம் எங்கே படிச்சீங்க?"
"எங்கே படிக்க. ஊருக்குப் போனேன்,
மாமாவோட வள்ளத்தில் ஏறினேன்.
இருபத்தஞ்சு வயசில் திரும்ப இதே ஊர்,
வெல்டரா."

முதல்வர் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.
"கண்ணாடியில தெரியறதுக்கு நான் எப்படிம்மா
சீல் வைக்கிறது?"
பிறகு சீலை எடுத்து வாயால் ஊதினார்.
கம்பெனி ஏற்குமா, யாருக்குத் தெரியும்.

படிவத்துக்குத் திரும்பினேன்.
1983இல் உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது.
சொற்கள் நிறைய மீதமிருக்கின்றன என்றது கட்டம்.

ஜன்னல் வழியே பார்த்தால்
மச்சாது இன்னும் போகவில்லை.
உறையைக் கையில் வைத்துக்கொண்டு
ஒன்பது 'இ' வாசலில் நிற்கிறார்.
அங்கே ஏற்கெனவே ஒருவன்,
டை அவிழ்ந்து, வெளியே நிறுத்தப்பட்டவன்,
சற்றுத் தள்ளி அவருக்கும் சுவரில் இடம் விட்டு
கேட்டான்:
"நீங்களும் ஹோம்வொர்க் செய்யலையா, அங்கிள்?"